எத்தனை மீட்டருக்கு மேல் பனி?
(வாசகர் கேள்வி பதில்)

மணாலியின் நவம்பர் மாத வானிலையைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. மணாலி இருக்கும் குல்லு பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அங்கே நான் கண்டதையும் சேர்த்து விடை எழுதுகிறேன்.

ஐயா, நவம்பர் கடைசி வாரத்தில் வயதான பெற்றோரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மணாலி செல்ல முன்பதிவு செய்திருக்கிறோம். கைப்பேசியில் ஒரு செயலி செவ்வாய்க்கிழமை பனி விழும் என்கிறது. இன்னொன்று மழை என்கிறது. வானிலை ஆய்வு மையமோ "ஓரிரு இடங்களில் லேசான மழை அல்லது பனிப்பொழிவு" என்கிறது. எதை நம்புவது?
– ஆசிரியை ஒருவர், ஈரோடு

ஆய்வு மையத்தை நம்புங்கள். "மழை அல்லது பனிப்பொழிவு" என்று அவர்கள் எழுதுவது மழுப்பல் ஆகாது. குல்லு மாவட்டத்தின் நில அமைப்பே அப்படி எழுத வைக்கிறது. விமானம் இறங்கும் புந்தர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,090 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பியாஸ் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஏறினால் வரும் மணாலி 2,050 மீட்டர். அதற்கு மேலே சோலாங் ஏறத்தாழ 2,500, அடல் சுரங்கப்பாதையின் தென்வாயில் 3,060, ரோத்தங் கணவாய் 3,978 மீட்டர். தேவ் திப்பா சிகரமோ 6,000 மீட்டரைத் தொடுகிறது. ஒரே மேகக் கூட்டம், ஒரே மணி நேரத்தில், புந்தரில் மழையாகவும் சுரங்க வாயிலில் பனியாகவும் பெய்வது அங்கே வழக்கமான காட்சி. மாவட்டத்துக்கு ஓர் அறிக்கை என்னும்போது இரண்டு சொற்களும் அதில் இடம்பெற்றே தீர வேண்டும்.

அந்த அறிக்கையை உங்கள் பயணத்துக்குப் பொருத்திப் பார்க்க ஓர் எண் தேவைப்படும். காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்கும் உயரம் எது என்பதே அந்த எண். உறைநிலை உயரம் என்று அதைச் சொல்லலாம். மேலே ஏற ஏற, 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் வெப்பநிலை குறைகிறது. மேகத்திலிருந்து விழும் பனித்துகள் உறைநிலை உயரத்தைக் கடந்தவுடன் உருகிவிடுவதில்லை. இன்னும் 200 அல்லது 300 மீட்டர் இறங்கிய பிறகுதான் முழுவதும் நீராகிறது. ஆகவே உறைநிலை உயரம் 2,800 மீட்டர் என்றால், சோலாங்கில் பனி விழும்போது மணாலியில் மழை பெய்துகொண்டிருக்கும். அதுவே 2,300 மீட்டர் என்றால் மணாலியின் கூரைகள் வெளுத்துவிடும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே காற்றின் வெப்பநிலையில் உள்ள வேறுபாடு மூன்று டிகிரிதான். நான்கு நாள் முன்னதாக அந்த மூன்று டிகிரியைத் துல்லியமாகச் சொல்வது எந்தக் கணினிக்கும் கடினம்.

செயலிகள் முரண்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகம் முழுவதற்கும் வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். 2025 மே மாதம் நம் நாட்டில் பயன்பாட்டுக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர். மணாலியில் பியாஸின் இரு கரைகளிலும் உள்ள தட்டையான நிலத்தை சிறிது நேரத்தில் நடந்து கடந்துவிடலாம்; இரு பக்கமும் மலை சுவர்போல் ஏறுகிறது. அத்தகைய இடத்தில் ஒரு கட்டத்துக்குள் ஆறும் ஊரும் சிகரமும் சேர்ந்தே அடங்கிவிடுவதால், கணினி அறிந்த "மணாலி" உண்மையான மணாலியைவிடப் பல நூறு மீட்டர் உயரமாக இருக்கக்கூடும். அதைத் திருத்திக்கொள்ளாத செயலி ஊருக்குப் பனிப் படம் போட்டுவிடுகிறது. திருத்திக்கொண்ட செயலி மழைப் படம் போடுகிறது. அடுத்த முறை செயலியைத் திறக்கும்போது, அந்த முன்னறிவிப்பு எந்த உயரத்துக்குக் கணக்கிடப்பட்டது என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

எந்தக் கட்டத்திலும் எளிதில் சிக்காத ஒன்றும் அங்கே நடக்கும். ஒரு நவம்பர் மாலை, நான் குடியிருந்த வீட்டின் தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சமையலறைச் சன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானி 4 டிகிரியைக் காட்டியது. மழை வலுக்க வலுக்க, ஒரு மணி நேரத்துக்குள் அது 1 டிகிரிக்கு இறங்கிற்று. பிறகு கூரையில் சத்தம் மெல்லக் குறைந்து அறவே நின்றபோது, மழை விட்டுவிட்டது என்று எண்ணிக் கதவைத் திறந்தேன். முற்றத்துத் தேவதாரு மரத்தின் தாழ்ந்த கிளைகளில் பனி படிந்துகொண்டிருந்தது. ஒரு கிராம் பனி உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பனித்துகள்கள் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அகன்ற சமவெளியில் குளிர்ந்த காற்று நகர்ந்து, வேறு காற்று அந்த இடத்துக்கு வந்துவிடும். குறுகிய பள்ளத்தாக்கிலோ அது அங்கேயே தங்கிவிடுவதால், பொழிவு கனமாக இருக்கும்போது பனிக்கோடு, அதாவது பனி மழையாக மாறும் உயரம், கணித்ததைவிட நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே இறங்கிவிடும். ஆகையால் "மழை" என்று மட்டும் போட்டிருந்தாலும், கனமான மழை என்றால் பனிக்கும் ஆயத்தமாக இருங்கள்.

செவ்வாய்க்கிழமை என்ற சொல்லிலும் சிறிது கவனம் வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. செவ்வாய்க்கிழமைக்கான பனி புதன்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு விழுந்தாலும் அறிக்கை சரிதான்.

பெற்றோரும் குழந்தைகளும் உடன் வருவதால், அறையை மணாலி ஊருக்குள்ளேயே எடுங்கள். பனி பார்க்கும் ஆசையில் அதற்கு மேலே எடுக்காதீர்கள். திரும்பும் பயணத்துக்கு முன்னால் ஒரு நாளை வெறுமனே விட்டு வையுங்கள். பனியைப் பார்க்க அன்றன்றைக்குக் காலையில் முடிவு செய்து மேலே போய், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடலாம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மணாலி அதைவிடத் தாழ்வு. ஊட்டியிலும் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இறங்கியது என்று ஆண்டுதோறும் படிக்கிறோம். அப்படியிருக்க, அங்கே மட்டும் ஏன் பனி விழுவதில்லை?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

மிக நல்ல கேள்வி. இதில் பாதிக் குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. மார்கழியில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, விடியலில் சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் வானிலிருந்து இறங்குவதும் பனி. சென்னையில் "பனிப்பொழிவு" என்று நாளிதழில் வந்தால் அது மூடுபனி. மணாலியில் "பனிப்பொழிவு" என்றால் அது சாலையை அடைக்கும் பனி. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் ஊட்டியையும் மணாலியையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறோம். செய்தி எழுதுவோர் உறைபனி, மூடுபனி, பனிப்பொழிவு என்று பிரித்து எழுதினால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள்.

ஊட்டியின் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் காண்பது உறைபனி. அதற்கு மேகமே இருக்கக் கூடாது. வானம் தெளிந்த, காற்றில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளமான புல்வெளியில் தேங்குகிறது. அங்கே ஈரம் புல்லின் மேலேயே உறைகிறது. தரையோடு ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டுமே பூஜ்ஜியத்தில் இருக்கும். அதற்குச் சற்று மேலே போனாலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும்.

பனிப்பொழிவுக்கு மேகம் வேண்டும். மேகத்திலிருந்து தரை வரையிலும் காற்று முழுவதுமே குளிர்ந்திருக்கவும் வேண்டும். ஊட்டி 11.4 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. வெப்பமண்டலமான அங்கே ஆண்டு முழுவதும் உறைநிலை உயரம் 5,000 மீட்டரை ஒட்டியே நிற்கும்; தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர்தான். அதன் உச்சிக்கும் மேலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உருகும் காற்று இருப்பதால், மேகத்தில் பனியாகப் பிறப்பதும் மழையாகத்தான் வந்து சேரும். மணாலி 32.2 பாகையில் இருக்கிறது. அங்கே வானம் தெளிந்த நவம்பர் நாளில் பகல் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இருந்தாலும், வடமேற்கிலிருந்து ஒரு குளிர்ந்த காற்றுத்திரள் வந்துவிட்டால் உறைநிலை உயரம் ஒரே இரவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அந்தக் காற்றுத்திரள் ஊட்டி வரை வருவதில்லை.

நவம்பரில் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அதே சமயம் இமாச்சலில் மழை, பனி என்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பெரும்பாலும் தொடர்பில்லை, ஆனால் இரண்டுக்கும் வாசல் திறந்துவிடுவது ஒன்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று விலகியதும் இங்கே வங்கக்கடலிலிருந்து கிழக்குக் காற்று வருகிறது. அங்கே, மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் காற்றோட்டம் தெற்கே இறங்கி இமயத்தின் மேல் வந்து நிலைகொள்கிறது. மத்தியதரைக்கடல், கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளில் உருவாகும் சலனங்கள் அந்தக் காற்றோட்டத்தில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக நம் வடமேற்கு மலைகளை வந்து அடைகின்றன. இவற்றுக்கு மேற்கத்திய இடையூறு என்று பெயர். வரும் வழியில் அரபிக்கடலின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டால் பொழிவு கனக்கும். தௌலாதார், பீர் பஞ்சால் மலைத்தொடர்களில் மோதி மேலெழும்போது அந்த ஈரம் மழையாகவும் பனியாகவும் இறங்குகிறது. டிசம்பர் முதல் மார்ச் வரைதான் இவற்றுக்கு முழு வீச்சு. நவம்பர் இடைப்பட்ட மாதம் என்பதால், ஓர் ஆண்டு இரண்டு மூன்று வலுவான இடையூறுகள் வரும். மறு ஆண்டு ஒன்றும் வராமல் போகும்.

அரிதாக இரண்டும் சந்திப்பதும் உண்டு; அப்போது விளைவு கொடியதாகிவிடுகிறது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, மேற்கிலிருந்து வந்த காற்றுத் தாழ்வோடு கலந்தது. 14ஆம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் எதிர்பாராத பெரும் பனிப்புயல் வீசியது; தொரோங் கணவாயை ஒட்டி மலையேறச் சென்றவர்களும் வழிகாட்டிகளும் ஊர்மக்களுமாக 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்டோபர் அங்கே மிகத் தெளிவான வானம் இருக்கும் மாதம் என்பதால்தான் அத்தனை பேர் அன்று மலை மேல் இருந்தார்கள். வங்கக்கடலில் புயல் இருக்கும் நாள்களில் இமயத்தில் இருப்பவர்களும் அதன் பாதையைக் கவனிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

குடை எடுத்துச் செல்லலாமா?
– இல்லத்தரசி, சேலம்

எடுத்துச் செல்லுங்கள், ஆனால் நீர் புகாத மேலங்கியும் காலணியும் அதைவிட முக்கியம். வறண்ட பனியைவிட, 2 டிகிரியில் பெய்யும் பனி கலந்த மழைதான் உடம்பை வேகமாகக் குளிரவைக்கிறது, ஏனென்றால் நனைந்த பருத்தித் துணி உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியில் கம்பளி, மேலே நீர் புகாத அங்கி, பையில் மாற்றுக் காலுறை இரண்டு சோடி. உள்ளூர் வீடுகளில் குளிர்காய வைத்திருக்கும் தந்தூர் என்ற இரும்பு அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கும். புகைபோக்கி இல்லாத கரிச்சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கவே உறங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

நாம் பனியை வேடிக்கை பார்க்கப் போகிறோம். அங்கே பயிர் செய்கிறவர்களுக்கு நவம்பர் பனி நல்லதா, கெட்டதா?
– வேளாண் மாணவி, மதுரை

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. விடை, மரத்தில் பழம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. காஷ்மீர் பள்ளத்தாக்கில் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே கனத்த பனி விழுந்தது. அறுவடை முடியாத ஆப்பிள் மரங்களில் இலையும் உதிர்ந்திருக்கவில்லை. இலை நிறைந்த கிளை ஈரப்பனியை ஏந்திக்கொள்ளும். எடை தாங்காமல் கவட்டையோடு பிளந்துவிடும். அந்த ஆண்டின் பழம் போவதோடு நில்லாமல், பல ஆண்டு வளர்த்த மரமும் போய்விடுகிறது.

குல்லுவில் நவம்பருக்குள் பெரும்பாலும் பழம் பறித்து முடித்துவிடுவார்கள் என்பதால், அங்குள்ள விவசாயி அந்த மாதத்தில் வானத்தைப் பார்ப்பது எதிர்பார்ப்போடுதான். பாசன வசதியில்லாத மேட்டு நிலத்தில் கோதுமை விதைக்க ஈரம் வேண்டும். ஆப்பிள் மரத்துக்கோ, 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் கிடைத்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். மெதுவாக உருகி வேருக்கு இறங்கும் பனியை அவர்கள் வெள்ளை உரம் என்றே அழைக்கிறார்கள். 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் ஏறக்குறைய ஒன்றுமே பெய்யவில்லை. வழக்கமான மழையில் நூற்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சுற்றுலா செல்கிறவர்களுக்கு அது மாசற்ற நீலவானம். விதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அது வீணாய்ப் போன மாதம்.

ஐயா, என் கணவர் லாரி ஓட்டுநர். சுமை ஏற்றிக்கொண்டு மணாலி வழியாகக் கேலாங் வரை போகிறார். "மஞ்சள் எச்சரிக்கை" என்று செய்தியில் சொன்னார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு என்ன பொருள்?
– வாசகி, நாமக்கல்

அம்மா, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று பொருள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். மஞ்சளுக்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த நிறம் மாவட்டம் முழுவதற்கும் ஒன்றுதான். உங்கள் கணவர் போகும் வழியில் 1,000 மீட்டரிலும் மஞ்சள், 3,000 மீட்டரிலும் மஞ்சள். கீழே அது ஈரச்சாலை. மேலே அது பனிச்சாலை.

2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர் நீளம். பீர் பஞ்சால் மலையின் அடியில் குடைந்தது. ரோத்தங் கணவாயில் ஏறி இறங்கும் பெரும் சிரமத்தை அது போக்கிவிட்டது. எனினும் சுரங்கத்தின் இரு வாயில்களும் 3,000 மீட்டருக்கு மேல் உள்ளன. குல்லு பக்கம் தூறலோடு உள்ளே நுழைந்த வண்டி, கேலாங் இருக்கும் லாஹௌல் பக்கம் வெளியே வரும்போது முழுப் பனியைச் சந்திக்கும். வானிலை மலையின் இருபுறமும் ஒன்றாக இருப்பதில்லை. 2024 டிசம்பர் இறுதியில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் பனியில் சிக்கியதற்குக் காரணம், அந்தச் சில கிலோமீட்டர் ஏற்றத்தில் சக்கரங்கள் பிடிமானம் இழந்ததுதான்.

பனி விழும் நேரத்தைவிட, விழுந்து முடிந்து வானம் தெளிந்த மறுநாள் விடியற்காலைதான் ஓட்டுநருக்கு அதிக ஆபத்து. பகலில் உருகிய நீர் இரவில் தாரின்மேல் கண்ணாடிபோல் உறைந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் அது வெறும் ஈரமாகத்தான் தெரியும். வெயில் படாத வளைவுகளிலும் பாலங்களிலும் முற்பகல் வரைகூட அது கரையாது. ஆகவே காலை பத்து மணிக்கு முன்னால் சுரங்கத்துக்கு மேலேற வேண்டாம் என்று சொல்லுங்கள். சக்கரச் சங்கிலி வண்டியில் இருக்கட்டும். சமவெளியில் ஒருமுறை மாட்டிப் பழகிவிட்டுப் போகட்டும். தெற்கே நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும் என்பதால், மேலேறும் முன் குளிருக்கு ஏற்ற எரிபொருள் கிடைக்கிறதா என்று கேட்டு நிரப்பிக்கொள்ளட்டும். 2019இல் லடாக் பகுதிக்கென்றே, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தார்கள் என்றால், இந்தத் தொல்லை எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் உள்ள தனி நிறுவனம் வெளியிடுகிறது. சாலையைத் துப்புரவு செய்வது எல்லைச் சாலைகள் அமைப்பு. வண்டியை விடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும். தடுப்பில் நிற்கும் காவலர் "இப்போது வேண்டாம்" என்றால், முன்னால் இரண்டு வண்டி போய்விட்டதே என்று அவரோடு வாதாட வேண்டாம். கேலாங்கிலோ மணாலியிலோ வண்டியை ஓரம் கட்டிவிட்டேன் என்று உங்கள் கணவர் தொலைபேசியில் சொன்னால், சுமை தாமதமாவதைப் பற்றியோ வாடகையைப் பற்றியோ கேட்காமல், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேளுங்கள்.